இடுப்பில் தெரியும் துப்பாக்கி, சட்டைக்குள் இருக்கும் துப்பாக்கி



டெக்சஸ் மாநிலத்தில் மளிகைக் கடைக்குள் நுழையப்போகிறவர் துப்பாக்கி வைத்திருப்பவராக இருந்தால், முதலில் வாசல் கண்ணாடியைப் படித்தாக வேண்டும். சில கடைகளில் ‘30.06’ என்ற எண்ணோடு ஓர் அறிவிப்பு இருக்கும், சிலவற்றில் ‘30.07’, சிலவற்றில் இரண்டும். அம்மாநிலத் தண்டனைச் சட்டத்தின் பிரிவு எண்கள் இவை. உடைக்குள் மறைத்த கைத்துப்பாக்கியோடு வரவேண்டாம் என்பது முதலாவது. வெளியே தெரியும் கைத்துப்பாக்கியோடு வரவேண்டாம் என்பது இரண்டாவது. எழுத்து ஓர் அங்குல உயரமாவது இருக்கவேண்டும், ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் இருக்கவேண்டும், பின்னணி நிறத்திலிருந்து எடுப்பாகத் தெரியவேண்டும் என்பதுவரை சட்டம் வகுத்துவைத்திருக்கிறது. 2016 ஜனவரி 1 முதல், உரிமம் பெற்றவர்கள் கைத்துப்பாக்கியை எல்லோரும் பார்க்கும்படி இடுப்பில் மாட்டிக்கொள்ளலாம் என்று அங்கே சட்டம் வந்தது. அப்போது ‘எச்.இ.பி.’ மளிகைக் கடைகளும் ‘வாட்டாபர்கர்’ உணவகங்களும் எடுத்த முடிவு ஒன்றுதான்: சட்டைக்குள் இருந்தால் வரட்டும், வெளியே தெரிந்தால் வேண்டாம்.

துப்பாக்கி அதே துப்பாக்கி, ஆளும் அதே ஆள், தோட்டாக்களிலும் மாற்றமில்லை. நடுவில் இருப்பது ஒரு சாண் துணி. அந்தத் துணிக்காக அமெரிக்கா இருநூறு ஆண்டுகளாக வழக்காடிக்கொண்டிருக்கிறது. தற்காப்புக்குத் துப்பாக்கி ஏந்துவோர் வெளிப்படையாக ஏந்தும் ‘ஓப்பன் கேரி’யா, மறைத்து ஏந்தும் ‘கன்சீல்ட் கேரி’யா என்று வாதிடும்போது உறை, பெல்ட், உருவும் வேகம் என்றுதான் பேசுவார்கள். அந்தப் பேச்சிலும் சரக்கு இருக்கிறது, பிறகு வருவோம். ஆனால் சட்டங்களைப் புரட்டினால் வேறொரு கேள்விதான் ஒவ்வொரு பக்கத்திலும் தலைகாட்டுகிறது. துப்பாக்கி வைத்திருப்பவனைப் பற்றியதல்ல அந்தக் கேள்வி. அவனைப் பார்க்கிறவர்கள் என்ன செய்யவேண்டும் என்பது.

முதலில் பழைய கதை. 1813இல் கென்டக்கி, லூயிசியானா ஆகிய இரு மாநிலங்களும் ஆயுதத்தை மறைத்து எடுத்துச் செல்வதைக் குற்றமாக்கின. வெளிப்படையாக எடுத்துச் செல்வதை அவை தொடவில்லை. அன்றைய தென்மாநிலத்துக் கனவான்களின் மானம், ரோஷம், நேருக்கு நேர் சண்டை என்னும் உலகத்தில் இதற்குப் பொருள் இருந்தது. யோக்கியன் ஆயுதத்தை ஊரறிய வைத்திருப்பான். மடியில் கத்தியை ஒளித்துவைத்திருப்பவன் கொலைகாரன் அல்லது கோழை. 1846இல் ஜார்ஜியா உச்ச நீதிமன்றம் ‘நன்’ வழக்கில் இதே கோட்டைத்தான் கிழித்தது: மறைத்து ஏந்துவதைத் தடுக்கலாம், வெளிப்படையாக ஏந்துவதைத் தடுக்கக்கூடாது. 1850இல் லூயிசியானா நீதிமன்றம் ‘சாண்ட்லர்’ வழக்கில் இன்னும் ஒரு படி போய், வெளிப்படையாக ஏந்துவது ஆண்மையுள்ள தற்காப்பு, ஒளித்து வைப்பது நயவஞ்சகத்துக்கு வழி என்ற பொருளில் எழுதிவைத்தது.

கௌபாய் படங்களில் பார்த்த மேற்குப் பகுதியோ எல்லோரும் இடுப்பில் துப்பாக்கியோடு உலவிய பூமி என்றுதான் நம் மனத்தில் பதிந்திருக்கிறது. அது பெரும்பாலும் சினிமாக்காரர்கள் கட்டிய செட். மாட்டு வியாபாரம் செழித்த கேன்சஸ் மாநிலத்து டாட்ஜ் சிட்டியில் துப்பாக்கி ஏந்தத் தடை என்று தெருவிலேயே பலகை வைத்திருந்தார்கள். அரிசோனாவின் டூம்ஸ்டோன் நகரில் 1881இல் ஒன்பதாம் எண் விதி வந்தது. ஊருக்குள் ஆயுதம் ஏந்துவதை அது தடுத்தது. அதே ஆண்டு அக்டோபர் 26 அன்று ஊர்க் காவல் தலைவர் வெர்ஜில் எர்ப், அவருடைய தம்பிகள் வயட், மோர்கன், கூடவே டாக் ஹாலிடே ஆகியோர் கிளாண்டன், மெக்லாரி கோஷ்டியை மடக்கியது அந்த விதியின் பேரில்தான். அரை நிமிடச் சுடுதலில் மூன்று பேர் செத்தார்கள். எத்தனையோ படங்களில் வந்துவிட்ட ‘ஓ.கே. கொரால்’ மோதல், துப்பாக்கிக் கட்டுப்பாட்டை அமல்படுத்தப்போய் வந்த மோதல் என்பதைப் படங்கள் அழுத்திச் சொல்வதில்லை.

டெக்சஸே 1871இல் பொது இடத்தில் பிஸ்டல் ஏந்துவதைத் தடைசெய்த மாநிலம். அந்தத் தடை நூறாண்டுக்கு மேல் நின்றது. இன்று அந்த ஊர்க்காரரிடம் சொன்னால் நம்பமாட்டார்.

கணக்கு தலைகீழாக மாறியது இருபதாம் நூற்றாண்டில். அந்தத் திருப்பத்தின் ஒரு பெரிய காட்சி 1967 மே 2 அன்று கலிஃபோர்னியாவின் தலைநகர் சாக்ரமெண்டோவில் நடந்தது. ஓக்லண்டில் ஹ்யூய் நியூட்டனும் பாபி சீலும் முந்தைய ஆண்டு தொடங்கிய ‘பிளாக் பாந்தர்’ கட்சியினர், கறுப்பர்களைப் போலீஸ் எப்படி நடத்துகிறது என்று கண்காணிக்க, தோட்டா நிரப்பிய துப்பாக்கிகளை ஊரறிய ஏந்திக்கொண்டு ரோந்து வண்டிகளின் பின்னாலேயே போய்வந்தார்கள். அன்றைய சட்டப்படி அதில் குற்றமில்லை. டான் மல்ஃபோர்ட் என்ற சட்டமன்ற உறுப்பினர் அதைத் தடுக்க மசோதா கொண்டுவந்தார். எதிர்ப்புத் தெரிவிக்கப் பாந்தர்கள் துப்பாக்கிகளோடு சட்டமன்றக் கட்டடத்துக்குள்ளேயே நடந்துபோனார்கள். மசோதா மளமளவென்று நிறைவேறியது. கையெழுத்திட்டவர் அன்றைய ஆளுநர் ரொனால்டு ரீகன். பிற்காலத்தில் துப்பாக்கி உரிமைக்காரர்களின் செல்லப்பிள்ளையாகி அதிபரானவர். கனவான் இடுப்பில் தெரிந்தவரை அது மானம். கறுப்பு இளைஞன் தோளில் தெரிந்ததும் அது மிரட்டல். சட்டப் புத்தகம் அப்படி எழுதவில்லை, ஆனால் காலவரிசை அப்படித்தான் இருக்கிறது.

அதன்பின் இருபது ஆண்டுகள் கழித்து ஃப்ளோரிடா. 1987இல் அந்த மாநிலம், தகுதி இருந்தால் அதிகாரி மறுக்கமுடியாது என்ற முறையில், மறைத்து ஏந்துவதற்கான உரிமத்தைக் கொண்டுவந்தது. பின்னால் நின்று உழைத்தவர் தேசியத் துப்பாக்கிச் சங்கத்தின் மரியன் ஹாமர். சட்டம் வந்ததும் ஒரு சங்கடம் முளைத்தது. பழைய விதிகள் நீங்கியதால், வெளிப்படையாக ஏந்துவதும் தன்னால் அனுமதிக்கப்பட்டதாகிவிட்டது. சட்டமன்றம் பதறிப்போய் அதே ஆண்டிலேயே வெளிப்படையாக ஏந்துவதைத் தடுத்தது. 1813இன் கென்டக்கி எதைக் குற்றம் என்றதோ அது இங்கே உரிமை. எதைச் சும்மா விட்டதோ அது இங்கே குற்றம்.

டெக்சஸைத் திருப்பியது ஒரு மதிய உணவு வேளை. 1991 அக்டோபர் 16 அன்று கில்லீன் நகரின் ‘லூபிஸ்’ உணவகக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு ஒருவன் பிக்கப் டிரக்கை உள்ளே செலுத்தினான். இறங்கி 23 பேரைச் சுட்டுக் கொன்றான். அங்கே பெற்றோருடன் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் சுசானா கிராட்டியா ஹப். அவருடைய ரிவால்வர் வெளியே காரில் கிடந்தது. அதைக் கைப்பையில் கொண்டுவருவது அன்று சட்டவிரோதம். பிடிபட்டால் முதுகெலும்புச் சிகிச்சை செய்யும் தம் தொழில் உரிமம் போய்விடும் என்று பயந்து காரிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். தாய் தந்தை இருவரும் அங்கே செத்தார்கள். சட்டத்தை மாற்றவேண்டும் என்று அவர் ஊர் ஊராகப் போய்ச் சாட்சி சொன்னார். பின்னர் டெக்சஸ் சட்டமன்றத்துக்கே தேர்வானார். 1995இல் ஆளுநர் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட சட்டம் மறைத்து ஏந்த உரிமம் தந்தது. அதற்குப் பின் இருபது ஆண்டுகள் கழித்துத்தான் வெளிப்படையாக ஏந்துவது வந்தது. 2021 செப்டம்பர் முதல் பெரும்பாலோருக்கு உரிமமே தேவையில்லை. இன்று இப்படி உரிமமில்லாமல் ஏந்தலாம் என்று சொல்லும் மாநிலங்கள் 29. 2019இல் எடுத்த ஒரு தேசியக் கணக்கெடுப்பின்படி, மாதத்தில் ஒருமுறையாவது தோட்டா நிரப்பிய கைத்துப்பாக்கியோடு வெளியே போகும் அமெரிக்கர்கள் 1 கோடியே 60 லட்சம். தினமும் அப்படிப் போகிறவர்கள் 60 லட்சம்.

இந்த 60 லட்சம் பேரும் காலையில் உடை மாட்டும்போது யோசிப்பது என்ன? வெளியே மாட்டினால் உருவுவது சுலபம். சட்டையைத் தூக்கவேண்டியதில்லை, ஜிப்பைத் திறக்கவேண்டியதில்லை. சால்ட் லேக் சிட்டியின் போலீஸ் அதிகாரி டென்னிஸ் டூலர் 1983இல் ஒரு பத்திரிகையில் எழுதிய கட்டுரை இன்றும் பயிற்சிக் களங்களில் பேசப்படுகிறது. கத்தியோடு வருகிற ஒருவன் 21 அடி தூரத்தை ஒன்றரை வினாடியில் கடந்துவிடுவான் என்று அவர் கண்டார். ஒன்றரை வினாடிக்குள் சட்டையை விலக்கி, பிடியைப் பற்றி, உருவிக் குறிபார்ப்பது பழகியவர்களுக்கே கஷ்டம். மறைத்து வைப்பவரால் பெரிய துப்பாக்கி வைக்கவும் முடியாது. இடுப்புக்கு வெளியே பெல்ட்டில் மாட்டி மேலே தொளதொளச் சட்டை, பேண்ட்டின் உட்புறம், தொப்புளுக்குப் பக்கத்தில், கணுக்கால், கைப்பை என்று எங்கே வைத்தாலும் கைப்பையைத் தவிர மற்ற இடங்களில் உட்காரும்போது குத்தும். குனிந்தால் துணிக்கு மேல் உருவம் புடைத்துத் தெரியும். கோடையில் அரிசோனா வெயிலில் இதற்காகவே மேற்சட்டை போட்டு வியர்த்துக்கொட்டுகிறவர்கள் உண்டு. கம்பெனிகள் விடுமா? 2018இல் ‘சிக் சாவர்’ கொண்டுவந்த ‘பி365’ என்ற பிஸ்டல் சுமார் அரைக் கிலோதான். அதன் மேகசினில் பத்துத் தோட்டா. மறைத்து ஏந்துவோர் சந்தை அதன்பின் அந்த அளவை நோக்கியே ஓடியது.

கைப்பை என்றதும் ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. 2014 டிசம்பர் 30 அன்று ஐடஹோ மாநிலத்து ஹேடன் நகர வால்மார்ட்டில், தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயதுக் குழந்தை தாயின் கைப்பையிலிருந்து துப்பாக்கியை எடுத்து விசையை அழுத்திவிட்டது. தாய் அங்கேயே இறந்தார். அவர் உரிமம் பெற்றவர், பயிற்சி உள்ளவர். மறைத்து வைப்பதன் பலவீனம் பயிற்சியின்மையில் மட்டும் இல்லை. துப்பாக்கி உடம்பை விட்டு விலகி இருக்கும் அந்தச் சில நிமிடங்களிலும் இருக்கிறது.

வெளியே தெரிவதில் ஆபத்து வேறுவிதம். 2014 அக்டோபரில் ஒரிகன் மாநிலத்தின் கிரெஷம் நகரில் 21 வயது இளைஞர் ஒருவர், அப்போதுதான் வாங்கிய துப்பாக்கியை இடுப்பில் தெரியும்படி வைத்துக்கொண்டு இரவில் தெருவில் நின்றிருந்தார். பேச்சுக்கொடுத்தபடி வந்த ஒருவன் தன் துப்பாக்கியை நீட்டி, அவருடையதைக் கழற்றி வாங்கிக்கொண்டு போய்விட்டான். போலீஸ்காரர்கள் மாட்டும் உறையில் பல பூட்டுகள் உண்டு. ஒரு லிவரை அமுக்கி இன்னொன்றைத் தள்ளினால்தான் பிஸ்டல் வெளிவரும். அடுத்தவன் பின்னாலிருந்து பிடுங்கினால் வராது. சாதாரண மக்கள் பலர் வாங்கும் தோல் உறையில் அது கிடையாது.

கொள்ளைக்காரன் பார்த்ததும் பயந்து விலகுவான் என்பதுதான் வெளிப்படையாக ஏந்துவோரின் தலையாய வாதம். ஓரளவு உண்மை இருக்கலாம். ஜேம்ஸ் ரைட், பீட்டர் ராசி என்ற இரு சமூகவியலாளர்கள் 1980களில் சிறைகளில் ஏறத்தாழ 1,800 கைதிகளைக் கேட்டபோது, எதிராளியிடம் துப்பாக்கி இருக்கிறது என்று தெரிந்தோ நம்பியோ குற்றம் செய்யாமல் விட்டதுண்டு என்று சுமார் 40 சதவீதம் பேர் சொன்னார்கள். ஆனால் விலகிய திருடன் வீட்டுக்குப் போய்த் திருந்திவிடுவதில்லை. துப்பாக்கி இல்லாத அடுத்த தெருக்காரரிடம் போகிறான். மறைத்து ஏந்துவோர் தரப்பு இங்கேதான் புத்திசாலித்தனமாகப் பேசுகிறது: யாரிடம் இருக்கிறது என்று தெரியாதபோது திருடன் எல்லோருக்கும் பயப்படவேண்டும். ஜான் லாட் 1998இல் ஒரு புத்தகமே எழுதி இதை நிரூபிக்கப் பார்த்தார். 2004இல் தேசிய ஆய்வுக் கவுன்சில் அந்தப் புள்ளிவிவரங்களிலிருந்து எந்த முடிவுக்கும் வரமுடியாது என்றது. ஸ்டான்ஃபோர்டின் ஜான் டோனஹ்யூ குழு பிறகு செய்த ஆய்வில், இத்தகைய சட்டம் வந்து பத்தாண்டுகளில் வன்முறைக் குற்றம் 13 முதல் 15 சதவீதம்வரை கூடுதலாக இருந்தது. தனிமனிதரின் பாதுகாப்புக் கணக்கும் ஊரின் பாதுகாப்புக் கணக்கும் ஒன்றாக வருவதில்லை.

தனிமனிதக் கதைகளோ இரண்டு பக்கமும் இழுக்கும். 2022 ஜூலை 17 அன்று இண்டியானாவின் கிரீன்வுட் மாலில் ஒருவன் ரைஃபிளால் சுடத் தொடங்கி மூன்று பேரைக் கொன்றான். 22 வயது இளைஞர் ஒருவர் மறைத்து வைத்திருந்த பிஸ்டலை உருவி, தூணில் சாய்ந்து பத்து முறை சுட்டு, பதினைந்து வினாடிக்குள் அவனை வீழ்த்தினார். அந்த மாலில் ஆயுதத்துக்கு அனுமதி இல்லை. வெளியே தெரிந்திருந்தால் காவலாளி வாசலிலேயே நிறுத்தியிருப்பார். அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன் லாஸ் வேகாஸ் வால்மார்ட்டில், இரண்டு போலீஸ்காரர்களைக் கொன்றுவிட்டு வந்த ஒருவனை நோக்கி வாடிக்கையாளர் ஒருவர் மறைத்து வைத்திருந்த துப்பாக்கியோடு நெருங்கினார். அவனோடு வந்த மனைவி சற்றுத் தள்ளி நின்றதை அவர் கவனிக்கவில்லை. அவள் சுட்டதில் அவர் இறந்தார்.

இனி, போலீஸ்காரரின் கண்ணால் பார்க்கவேண்டும். துப்பாக்கி ஏந்தியவர் யோக்கியரா என்று அவர் ஓரிரு வினாடியில் ஊகிக்க வேண்டியிருக்கிறது. 2016 ஜூலை 6 அன்று மினசோட்டாவின் ஃபால்கன் ஹைட்ஸில் ஃபிலாண்டோ காஸ்டில் என்ற கறுப்பரின் காரைப் போலீஸ் நிறுத்தியது. பள்ளிச் சாப்பாட்டுக்கூடத்தில் வேலை பார்த்தவர். தம்மிடம் துப்பாக்கி இருக்கிறது என்று மரியாதையாக முன்கூட்டியே சொன்னார், உரிமமும் இருந்தது. சில வினாடிகளில் சுடப்பட்டு இறந்தார். சுட்ட அதிகாரியை மறு ஆண்டு நடுவர் குழு விடுவித்தது. மறைத்து வைத்தவர் மறைக்காமல் சொன்னதும் அவரைக் காப்பாற்றவில்லை. அடுத்த நாளே டாலஸில் ஊர்வலத்தின்போது மறைந்திருந்து சுட்ட ஒருவன் ஐந்து போலீஸ்காரர்களைக் கொன்றான். ஊர்வலத்தில் சட்டப்படியே ரைஃபிளை வெளிப்படையாகத் தோளில் மாட்டி வந்திருந்த இன்னொரு கறுப்பரின் படத்தைப் போலீஸ் ‘தேடப்படுபவர்’ என்று வெளியிட்டது. அவர் தானாகவே போய்த் துப்பாக்கியை ஒப்படைத்தார். சுடத் தொடங்கியதும் ரைஃபிளோடு பலர் ஓடினால் யார் எதிரி என்று எப்படித் தெரியும் என்று அந்நகரக் காவல்துறைத் தலைவர் டேவிட் பிரவுன் கேட்டார். அவரும் கறுப்பர்.

இத்தனைக்கும் பிறகு வெளிப்படையாக ஏந்துவதைத் தற்காப்பு முறையாகப் பரிந்துரைக்கும் பயிற்சியாளர்கள் அதிகம் இல்லை. அப்படியானால் அது ஏன் இவ்வளவு பேசப்படுகிறது? அது இன்று பெரும்பாலும் அரசியல் பேச்சு, அவ்வளவுதான். டெக்சஸில் கைத்துப்பாக்கியை வெளியே காட்ட அனுமதி இல்லாத நாட்களில், காட்ட அனுமதி இருந்த நீண்ட ரைஃபிள்களை எடுத்துக்கொண்டு, அந்த அனுமதியைக் கேட்ட இயக்கத்தினர் கூட்டமாக உணவகங்களுக்குப் போனார்கள். 2014 மே மாதம் ‘சிப்போட்லே’ நிறுவனம், தயவுசெய்து துப்பாக்கி இல்லாமல் சாப்பிட வாருங்கள் என்று கேட்டுக்கொண்டது. தேசியத் துப்பாக்கிச் சங்கத்தின் அரசியல் பிரிவே இது விசித்திரமான நடத்தை என்று எழுதிவிட்டு, உறுப்பினர்கள் கொதித்ததும் சில நாட்களில் பின்வாங்கியது. தன் ஆட்களையே சமாளிக்க முடியாமல் அந்தச் சங்கம் திணறிய அபூர்வமான தருணம் அது.

மிச்சிகன் கதை இதைவிடச் சுவையானது. 2020 ஏப்ரல் 30 அன்று கொரோனா ஊரடங்கை எதிர்த்து வந்தவர்களில் சிலர் ரைஃபிள்களோடு லான்சிங் நகரின் சட்டமன்றக் கட்டடத்துக்குள் ஏறி மாடத்தில் நின்றார்கள். கீழே சில உறுப்பினர்கள் குண்டு துளைக்காத உடுப்பு அணிந்து உட்கார்ந்திருந்தார்கள். 2021 ஜனவரியில் அங்கே வெளிப்படையாக ஏந்துவது தடைசெய்யப்பட்டது. உரிமத்தோடு மறைத்து ஏந்துவது மட்டும் 2023 வரை அனுமதியாகவே இருந்தது. தடை போட்டவர்களுக்கு அந்த இடைக்காலத்தில் துப்பாக்கி கட்டடத்தில் இருப்பது பிரச்சினையாகப்படவில்லை, கண்ணில்படுவதுதான் பிரச்சினை.

இப்போது சக்கரம் மறுபடி சுழலத் தொடங்கியிருக்கிறது. 2022 ஜூன் 23 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ‘ப்ரூன்’ வழக்கில், நூறாண்டுக்கு மேலாக நியூயார்க்கில் இருந்துவந்த கெடுபிடியான உரிம நிபந்தனையை ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் ரத்துசெய்தது. தீர்ப்பை எழுதியவர் கிளாரன்ஸ் தாமஸ். துப்பாக்கிச் சட்டம் எதுவானாலும் நாட்டின் பழைய வழக்கத்தோடு பொருந்துகிறதா என்று பார்க்கவேண்டும் என்பது அதன் சாரம். பழைய வழக்கத்தைத் தேடிப்போனவர் ஜார்ஜியாவின் ‘நன்’ வழக்கையும் லூயிசியானாவின் ‘சாண்ட்லர்’ வழக்கையும் கண்டெடுத்தார். வெளிப்படையாக ஏந்த வழி விட்டிருந்தவரை, மறைத்து ஏந்துவதை மாநிலங்கள் அன்று தடுத்துவந்தன என்று எழுதினார். அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டவர்கள் ஃப்ளோரிடாக்காரர்கள்.

2022 ஜூலை 4, சுதந்திர தினம். ஃப்ளோரிடாவின் பென்சகோலா நகரில் ஒருவர் தோட்டா நிரப்பிய பிஸ்டலை உறையில் தெரியும்படி மாட்டிக்கொண்டு, கையில் அரசியல் சட்டப் பிரதியோடு நாற்சந்தியில் நின்று போவோர் வருவோருக்குக் கையசைத்தார். கைது செய்வார்கள் என்று தெரிந்தே நின்றார், கைது செய்தார்கள். 2025 செப்டம்பர் 10 அன்று அம்மாநிலத்தின் முதல் மாவட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், 1987இல் பதற்றத்தோடு கொண்டுவந்த அந்தத் தடை செல்லாது என்று தீர்ப்பளித்தது. மாநிலத் தலைமை வழக்கறிஞர் தீர்ப்பை ஏற்றுக்கொண்டு, மாநிலம் முழுவதற்கும் இனி இதுவே சட்டம் என்று காவல்துறைகளுக்கு எழுதினார். கடைக்காரர்களுக்கு மட்டும் பழைய அதிகாரம் இருக்கிறது: வேண்டாம் என்று சொன்னபிறகும் துப்பாக்கியோடு உள்ளே நிற்பவர்மேல் ஆயுதத்தோடு அத்துமீறி நுழைந்ததாகக் கடுங்குற்ற வழக்குப் போடலாம். எந்தக் கடை சொல்லும், எந்தக் கடை வாய்மூடியிருக்கும் என்பதைத் தீர்ப்பு வந்த வாரத்திலிருந்து ஒவ்வொரு நிர்வாகமும் கூடிப் பேச வேண்டியதாயிற்று.